கண்ணீர்ப் பிரிவு மேலாளருக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
நிதி திரட்டும் பிரிவு,
(சங்கடம் கருதிப் பெயர் தவிர்க்கப்பட்ட) அறக்கட்டளை.

ஐயா,

கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்க உட்கார்ந்தால் தங்கள் விளம்பரம்தான் முதலில் வருகிறது. மூக்கில் குழாய் செருகிய குழந்தை, முந்தானையால் வாயைப் பொத்திய தாய், பின்னணியில் ஷெனாய். ‘ஸ்கிப்’ செய்யலாம் என்கிறது யூடியூப். செய்தால் பாவம் என்கிறது மனசு. பணம் அனுப்பினேன். வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது உடனே வந்தது. அந்தப் பணம் என்னவாயிற்று என்று கேட்டு எழுதினேன். பதிலுக்கு இன்னொரு குழந்தையின் படம் வந்தது.

விவரம் தெரியாதவர்கள் இதை அலட்சியம் என்பார்கள். இதற்குப் பின்னால் விஞ்ஞானமே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, சிலருக்கு மாலி நாட்டுச் சிறுமி, 7 வயது ரோக்கியாவின் கதையைச் சொன்னார்கள். சராசரியாக 2.38 டாலர் நன்கொடை விழுந்தது. வேறு சிலருக்கு ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரம், 1.14 டாலர். சரி, இரண்டையும் சேர்த்துக் காட்டினால்? வெறும் 1.43! எண் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ரோக்கியாவின் பங்கே குறைந்துபோனது. ஆக, தாங்கள் வரவு செலவைக் கண்ணில் காட்டாதது என் இரக்கம் வற்றிவிடக் கூடாதே என்ற கரிசனத்தில்தான். ஆடிட்டரிடமும் இதையே சொல்லிப் பாருங்கள்.

2015 செப்டம்பரில், துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வெளியான அடுத்த வாரம், சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு வந்த தினசரித் தொகை 55 மடங்கானது. சில வாரங்களில் வடிந்துவிட்டது. போர் வடியவில்லை. அதற்காகத்தான் தாங்கள் அடிக்கடி முகத்தை மாற்றுகிறீர்கள் போலும்.

எங்களுக்கும் ஓர் உதவி தேவை. எங்கள் தெருச் சாக்கடைக்கு அழத் தெரியாது. இரத்தசோகைக்கு முகமே கிடையாது. டெங்கு கொசுவுக்கு உண்டு, ஆனால் பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்காது. இவற்றுக்கெல்லாம் காசு கேட்டுக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கிறோம். தங்கள் படப்பிடிப்புக் குழுவை ஒருநாள் அனுப்ப முடியுமா?

முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். நாங்கள் தரும் ஒரு ரூபாயில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பைசா, விளம்பரத்துக்கு எத்தனை பைசா என்று அடுத்த வீடியோவிலேயே போடுங்கள். வசூல் குறைந்தால் குறையட்டும்.

இப்படிக்கு,
கணக்குக் கேட்டும் கொடுக்கிற ஒருவன்