சோற்றுக் கற்றாழை வளர்ப்பு: நேர்முறையும் தலைகீழ் முறையும்

மதுரை வட்டாரத்தில் சோற்றுக் கற்றாழை இரண்டு முறைகளில் வளர்க்கப்படுகிறது: வேர் கீழே இருக்கும் முறை, வேர் மேலே இருக்கும் முறை. முன்னதற்கு நூல்கள் உண்டு. பின்னது வீட்டு வாசல்களில் மட்டும் வழங்குவதால் அறிஞர் கவனத்துக்குத் தப்பிவிட்டது.

செடியின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். ஆண்டு முழுதும் பச்சை மாறாது. மடலோரத்தில் அரம் போல முள் இருக்கும். தண்டவாளத்தோரம் நிற்கும் ரயில் கற்றாழையை இதன் அண்ணன் என்பது பிழை. அது மெக்சிகோவிலிருந்து வந்தது. ஒரே முறை பூத்து உயிரை விட்டுவிடும். சோற்றுக் கற்றாழைக்கு அவ்வளவு உணர்ச்சிவசம் கிடையாது.

அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் இதற்கு ஏற்றது. திருமங்கலத்துக் கரிசல் நீரைப் பிடித்துவைக்கும். பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். வைகை மணல் உத்தமம், கிடைப்பது எம்-சாண்ட். தொட்டியாகப் பெயின்ட் வாளியைவிட ஓட்டைக் குடமே தகுதி மிக்கது, துளை போடும் வேலை முன்பே முடிந்திருப்பதால்.

வெயில் பொருட்டல்ல. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும் செடி இது. தூங்கா நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான குடிமகன் இல்லை. மொட்டை மாடிக் கற்றாழை சாவது பெரும்பாலும் சித்திரை வெயிலால் அல்ல. “பாவம், வாடிக் கெடக்கு” என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றும் கருணையால். வேர் அழுகி, மடல் கொழகொழத்துவிடும். ஐப்பசி அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவது நலம்.

பக்கக் கன்றைப் பெயர்த்து, காயம் ஆற ஓரிரு நாள் நிழலில் போட்டுவைத்து நடவேண்டும். அக்கன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டு எடுப்பது, கேளாமல் எடுப்பது என இரு மரபுகள் உண்டு. இரண்டாவதே நன்றாக வளரும் என்பது தெருவின் ஒருமித்த முடிவு.

வெட்டிய மடலில் வடியும் மஞ்சள் பால் பேதி தரும். அதைக் காய்ச்சி உலர்த்தியதே கரியபோளம். உள்ளிருக்கும் சோற்றை ஏழு முறை கழுவவேண்டும் என்பது வழக்கு. மூன்றோடு நிறுத்தியவர்கள் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை.

இனித் தலைகீழ் முறை. வேரோடு பிடுங்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, கறுப்புக் கயிற்றில் வாசலில் கட்டுவர். மண்ணும் நீரும் இல்லாமல், மடலில் சேர்த்துவைத்த ஈரத்தைக் கொண்டே மாதக்கணக்கில் பசுமையாக இருக்கும். நுனிகள் மெல்ல மேல்நோக்கி வளையும். செடி வாடினால் திருஷ்டியைத் தான் வாங்கிக்கொண்டது என்றும், வாடாவிட்டால் திருஷ்டி அண்டவில்லை என்றும் கொள்ளப்படும். எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாத கோட்பாடு இது.

அலுத்துப்போனால் இறக்கி மண்ணில் வைக்கலாம். தண்டில் உயிர் இருந்தால் மறுபடி வேர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் உடனே ஊற்றக் கூடாது.