ஈஸ்ட்டின் வாகனம்

கேள்வி: சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு புளித்தால், பழ வாசனையும் ஈக்கூட்டமும் சேர்ந்தே வருவதேன்?
– ஒரு வாசகர், குஜிலியம்பாறை

பதில்: சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் என்னும் சூக்ஷ்ம ஜீவி, ஆல்கஹால் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியின் சகாயத்தால், அசிட்டைல் கோ-என்சைம் ஏ சுமந்துவரும் அசிட்டைல் தொகுதியை இறக்கி ஐசோஅமைல் ஆல்கஹாலின் தலையில் ஏற்றி, வாழைப்பழத்துக்கே உரிய ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் சுகந்தத்தைச் சிருஷ்டிக்கிறது, சுமை நீங்கிய கோ-என்சைமோ அடுத்த நடைக்கு ஆயத்தமாகிவிடுகிறது. காலும் சிறகுமற்ற ஈஸ்ட் இவ்வளவு சிரமப்படுவது வீணன்று. முருகனுக்கு மயில்போல் அதற்கு ஈ வாகனம். இந்நொதிக்குரிய ஏடிஎஃப்1 மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டைப் பழ ஈக்கள் அவ்வளவாக நாடுவதில்லை என்பதை பெல்ஜியத்தின் லூவன் நகர விஞ்ஞானிகள் 2014-இல் பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள்.