லிங்க் மொய்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் நேரத்தில், டீக்கடை பெஞ்சில் மடியில் லேப்டாப்போடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஃபேப்ரிகேஷன் பட்டறை, ஃபோர்க்லிஃப்ட் வாடகை, லேடீஸ் ஹாஸ்டல், கேட்டரிங் என்று அந்த வட்டாரத்துச் சின்னக் கம்பெனிகளின் வெப்சைட்டுகள் அவர் பொறுப்பு.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. அதே வருஷம்தான் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்புப் போடுவது அவர்கள் கணக்கு. முதலாவது ஊருக்கே சோறு போட்டது, இரண்டாவது நம்மவருக்கு.

"அண்ணே, உங்க சைட்ல எங்களுக்கு ஒரு லிங்க் போடுங்க. நாங்க உங்களுக்கு ஒண்ணு போட்டுடுறோம். பைசா செலவில்லை."

அவருடைய எக்செல் ஷீட் அசல் மொய் நோட்டு. யார் வைத்தார்கள், யாருக்குத் திருப்பி வைத்தாயிற்று, பாக்கி யார், எல்லாம் அதில் உண்டு. யாராவது லிங்க்கை எடுத்துவிட்டால் காலை ஆறரைக்கே போன் வந்துவிடும்: "நம்ம லிங்க்கைக் காணோமேண்ணே! உங்களுது எங்ககிட்ட அப்படியேதானே இருக்கு?" லிங்க்கைப் போட்டுவிட்டு, கூகுள் கணக்கில் சேராதபடி நைசாக 'நோஃபாலோ' சேர்க்கும் விவரக்காரர்களையும் சோர்ஸ் கோடைத் திறந்து பிடித்துவிடுவார்.

இதன் பலனாக ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தின் அடியில் 'எங்கள் நண்பர்கள்' என்று லேடீஸ் ஹாஸ்டல் இருக்கும். பிரியாணி கேட்டரிங் பக்கத்தின் அடியில் செப்டிக் டேங்க் லாரி. கேட்டரிங்காரர் பதறினால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்: "வெள்ளை மேல வெள்ளை எழுத்துல போட்டுடலாம்ணே. கஸ்டமருக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும்."

மசியாத பட்டறை முதலாளியிடம் கடைசி அஸ்திரத்தை எடுப்பார். "கோபுரத்துல ஏறி ஊருக்கே மந்திரத்தைச் சொன்ன ராமானுஜர் பொறந்த மண்ணுண்ணே ஸ்ரீபெரும்புதூர். ஒரு லிங்க் கொடுக்க யோசிக்கிறீங்களே!"

"அவரு பதிலுக்கு எதுவும் கேக்கலையே தம்பி."

நம்மவர் அசரமாட்டார். மறுநாள் வேறு பேச்சோடு வருவார்.

அளவுக்கு மீறிய லிங்க் பரிமாற்றத்தை ஸ்பேம் என்றே கூகுள் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படி ஜோடித்த லிங்க்குகளால் மேலே ஏறிய சைட்டுகளைக் கீழே இறக்கியது. இதைச் சொன்னால், "அதுக்குத்தாண்ணே மூணு பேர் வழியாச் சுத்தி விடுறோம்" என்பார். இத்தனைக்கும் பெரிய ஃபேக்டரியின் பர்ச்சேஸ் ஆபீசர் வெண்டர் கோட் உள்ளவனைத்தான் கூப்பிடுவார். பிரியாணி கேட்டரிங்கின் சிபாரிசை நம்பி வெல்டிங் ஆர்டர் கொடுப்பவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அன்பர்களே, கூகுள் மேப்பில் உங்கள் கேட்டையும் போன் நம்பரையும் சரியாகப் போட்டு வையுங்கள். லோடு கொண்டுவரும் டிரைவர் அதைப் பார்த்துத்தான் வருகிறார். நம்மவர் வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், லிங்க் வேண்டாம்.