பொத்தான் பேட்டரியும் ரெசிஸ்டர் வழக்கும்: ஒரு தத்துவ விசாரணை

சிஆர்2032 என்பது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட லித்தியம் வில்லை. அதன் இருபுறமும் ஒரு சிவப்பு எல்இடியின் கால்களை அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும். இது பிரத்தியட்சம். அப்படி எரியலாமா என்பதே வழக்கு.

வில்லை தருவது 3 வோல்ட். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 போதும். மிச்சத்தை ஏற்க ரெசிஸ்டரை நாம்தான் போடவேண்டும் என்பது முதல் மரபு. வேண்டாம், பேட்டரியின் உள்தடையே தடுத்தாட்கொள்ளும் என்பது இரண்டாம் மரபு. குரங்குக்குட்டி தாயைப் பற்ற வேண்டுமா, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லுமா என்று வடகலையும் தென்கலையும் வாதிட்டதற்குப் பின், சரணாகதியை இத்தனை தீவிரமாக அலசியவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களே என்பது இவ்வாய்வாளன் துணிபு.

பூனைக் கட்சிக்கு வரலாற்றுச் சான்று உண்டு. 2006 வாக்கில் நியூயார்க்கின் கிராஃபிட்டி ரிசர்ச் லேப் எல்இடி, இதே வில்லை, ஒரு காந்தம் மூன்றையும் டேப் சுற்றி, இரும்புப் பரப்புகள்மேல் வீசி ஒட்டவைத்தது. ரெசிஸ்டர் மருந்துக்கும் இல்லை.

குரங்குக் கட்சி டேட்டாஷீட்டை விரிக்கிறது. 220 மில்லிஆம்பியர்-மணி என்றிருக்கும். ஆனால் அது 0.2 மில்லிஆம்பியர் அளவில் சொட்டுச் சொட்டாக இறக்கிக் கண்ட கணக்கு. எல்இடி 20 கேட்டால் நூறு மடங்கு. வகுத்தால் 11 மணி நேரம் வரவேண்டும், வராது. உள்தடை தன் பங்கை வெப்பமாகத் தின்றுவிடும். வில்லை தீரத் தீர அந்தத் தடையும் ஏறும். ஆக, பேட்டரி இளமையில் குரங்குக் கட்சிக்கும் முதுமையில் பூனைக் கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. இரு தரப்பும் மல்டிமீட்டர் வைத்த வேளைதான் வேறு. இதை அவர்களிடம் சொல்வது உடம்புக்கு நல்லதல்ல.

சித்தர் கூட்டம் ஒன்றும் உண்டு. இதே வில்லையில் வைஃபை சில்லையே ஓட்டலாமே என்பார்கள். இஎஸ்பி8266 அலைபரப்பும் கணத்தில் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் கேட்கும், வோல்ட் சரியும், சில்லு ரீசெட் ஆகும். “பெரிய கெப்பாசிட்டர் போடு” என்பது அவர்கள் திருவாக்கு. அவர்களை வணங்கி விலகுகிறோம்.

வழக்கின் மூலத்தைத் தேடிப்போனால் அங்கே ஒரு புதியவர் நிற்கிறார். எல்இடியின் நீளமான கால் எந்தப் பக்கம் தொடவேண்டும் என்று மட்டுமே அவர் கேட்டிருந்தார். கூட்டல் குறி உள்ள பக்கம், தம்பி.