ரிலீவர் வந்தும் போகாதவர்

சுரங்க ஊரான நெய்வேலியில் எந்த வட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். பெயர் வேண்டாம். 'ஷிப்ட் சார்' என்று கேட்டால் முக்குக் காய்கறிக்காரரே வீட்டைக் காட்டிவிடுவார். "ஆனா இப்ப வீட்ல இருக்க மாட்டாருங்க" என்றும் சேர்த்துச் சொல்வார்.

முதல் ஷிப்ட் மதியத்தோடு முடிகிறது. அடுத்த ஷிப்டில் வேலையை ஏற்க வேண்டிய ரிலீவர் நேரத்துக்கு வந்து, ஹெல்மெட்டும் கையுமாக நிற்கிறார்.

"சார், நான் வந்துட்டேன் சார்."

"வந்துட்டியா? உக்காருப்பா. இந்த பெல்ட்டை மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு ஒப்படைச்சிடறேன்."

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் நீளுவது. சாரின் பார்வையும் அப்படியே நீளும். ரிலீவர் கேன்டீனில் போண்டா தின்று, டீ குடித்து, ஊரில் இருக்கும் மாமியாரிடம் போனில் நலம் விசாரித்துத் திரும்பும்போதும் லாக் புக் சாரின் கக்கத்திலேயே இருக்கும். எழுதியதை அடிப்பார், அடித்ததன் மேல் எழுதுவார், சிவப்பு மையில் 'கவனிக்கவும்' என்று கோடு போடுவார். கையெழுத்துக்குப் பேனாவைக் கொண்டுபோவார். "இரு, இன்னொண்ணு விட்டுப்போச்சு."

தான் கிளம்பினால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. நெய்வேலியில் எதுவும் நிற்கக் கூடாது என்பது உண்மைதான். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம், விட்டால் ஏரி. 1957-ல் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்தே ஊருக்குத் தெரிந்த பாடம் இது. வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆளை மாற்றும் ஏற்பாடே வந்தது. சார் பாடத்தின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

ஒருவழியாக வீட்டுக்கு வந்தாலும் ஷிப்ட் முடியாது. சாப்பாட்டுத் தட்டுக்கு இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் போன். அது அடிக்காவிட்டால் இவரே அடிப்பார். "எல்லாம் ஓடுதில்ல? சும்மாதான் கேட்டேன்." மறுமுனையில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு, எல்லாம் ஓடுகிறது என்று விளக்க வேண்டும். மகனின் மதிப்பெண் பட்டியலைப் பிரேக்டவுன் ரிப்போர்ட்டைப் போல வாசிப்பார்: "கணக்குல எப்பலேர்ந்து இந்தக் கோளாறு? யார் மொதல்ல கவனிச்சது?"

ஜூலை மாதம் புத்தகக் கண்காட்சிக்கு வீட்டுக்காரம்மா வற்புறுத்தி அழைத்துப் போவார். எல்லோரும் புத்தகத்தைப் பார்க்க, சார் பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். "பேரிங் போகப் போவுது." வாடகைக்கு விட்டவர் கும்பிட்டு, "நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார். சாருக்கு இந்த வாக்கியம் மட்டும் காதில் விழுந்ததே இல்லை.

சட்டத்தைச் சொல்லியும் பயனில்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் மேற்பரப்பில் வேலை செய்பவருக்கு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மேற்பார்வைப் பதவியில் இருப்பவருக்கு அதில் விலக்கும் கொடுத்தது. சாருக்கு மனப்பாடமான ஒரே பிரிவு அந்த விலக்குத்தான். வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதை மகள் படித்துக் காட்டினாள். "அது மணி பாத்து வேலை செய்யறவனுக்கு. நான் என்னைக்கு மணி பாத்தேன்?" என்றார்.

1962-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமே 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. 600 மெகாவாட் போன பிறகும் ஊரில் விளக்கு எரிகிறது. சார் மட்டும் தான் ஒரு நாள் லீவு போட்டால் தமிழ்நாடே இருண்டுவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த குவார்ட்டர்ஸில் ஒரு ஃபிட்டர். ரிலீவர் தலை தெரிந்ததும், எந்த மோட்டார் சூடாகிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று மூன்று வரி எழுதி, வாயாலும் ஒரு முறை சொல்லிவிட்டு, டிபன் கேரியரோடு சைக்கிளில் ஏறிவிடுவார். நைட் ஷிப்டின் பின்பாதியில் டீயைத் தொட மாட்டார். காலையில் வந்ததும் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுப் படுப்பார். சாயங்காலம் கொல்லையில் பலா மரத்தடியைக் கொத்திக்கொண்டிருப்பார். அவர் பார்க்கும் இயந்திரமும் நன்றாகத்தான் ஓடுகிறது. சாரைக் கேட்டால், "அந்தாளுக்குப் பொறுப்புப் பத்தாது" என்பார்.

நமக்குத் தெரிந்த பொறுப்பு இதுதான்: தனக்குப் பின் வருபவனுக்கு வேலையைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. நான் இல்லாமல் நடக்காது என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். சுரங்கமோ, வங்கியோ, வீட்டில் விரித்த லேப்டாப்போ, உங்கள் ரிலீவர் வந்துவிட்டாரா? கையெழுத்துப் போடுங்கள், கிளம்புங்கள். பாவம், அவர் இரண்டாவது போண்டாவையும் தின்று முடித்துவிட்டார்.