கழுத்தில் கயிறு, கையில் மனு

சட்டத்தைத் திருத்த வேண்டுமா? தாராளமாகத் திருத்தலாம், யாரும் தடுக்கவில்லை. ஊர்ச் சபைக்கு வாருங்கள். கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு உங்கள் திருத்தத்தைச் சொல்லுங்கள். சபை ஏற்றால் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏற்காவிட்டால், கழற்ற வேண்டிய சிரமம்கூட இல்லை.

இத்தாலியின் தென்கோடியில் கிரேக்கர்கள் குடியேறிய லோக்ரி நகரத்தின் விவாத விதி இது. விதித்தவர் ஜலேயுகஸ், கி.மு. 7-ம் நூற்றாண்டு ஆசாமி. கிரேக்க உலகில் சட்டங்களை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர் என்று பெயர் வாங்கியவர். எழுதுகிறவர்களுக்கே உரிய வியாதியும் அவருக்கு இருந்தது: என் காப்பியில் எவனும் கை வைக்கக் கூடாது! (எடிட்டர்கள் இந்த இடத்தில் கழுத்தைத் தடவிக்கொள்ளலாம்.)

அப்படி என்ன அமர காவியம் எழுதிவிட்டார்? அவர் பெயரில் சொல்லப்படும் சட்டங்களில் இரண்டு சாம்பிள். நல்ல குடும்பத்துப் பெண் ஒரு வேலைக்காரிக்கு மேல் அழைத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது. குடித்திருந்தால் மட்டும் போகலாம். நோயாளி டாக்டர் சொல்லாமல் தண்ணீர் கலக்காத ஒயினைக் குடித்தால் மரண தண்டனை. ஒயின் குடித்து உடம்பு தேறிவிட்டால்? அப்போதும் மரண தண்டனைதான்.

இருந்தும் 200 வருஷத்துக்கு மேலாக லோக்ரியில் ஒரே ஒரு திருத்தம்தான் நடந்தது என்கிறார் ஏதென்ஸின் பிரபல பேச்சாளர் டெமாஸ்தனிஸ். கண்ணுக்குக் கண் என்பது சட்டம். ஊரில் ஒரு ஒற்றைக் கண்ணன். அவனுடைய எதிரி, ‘இருக்கிற அந்த ஒரு கண்ணையும் பிடுங்கிவிடுவேன், ஆனது ஆகட்டும்’ என்று மிரட்டினான். கணக்கைப் பாருங்கள்: பிடுங்கியவனுக்கு மீதி ஒரு கண், பறிகொடுத்தவனுக்கு முழு இருட்டு. ஒற்றைக் கண்ணன் கயிற்றை மாட்டிக்கொண்டு சபையில் நின்றான். ஒற்றைக் கண்ணனின் கண்ணைப் பிடுங்கினால் பிடுங்கியவனுக்கு இரண்டு கண்ணும் போகும் என்று சட்டம் மாறியது. கழுத்தும் மிஞ்சியது, கண்ணும் மிஞ்சியது.

டெமாஸ்தனிஸ் இதை எங்கே சொன்னார் தெரியுமா? ஏதென்ஸ் நீதிமன்றத்தில் டிமோக்ரடிஸ் என்பவர் கொண்டுவந்த புதுச் சட்டத்தை எதிர்த்து இன்னொருவர் வாதாடுவதற்காக எழுதிக்கொடுத்த உரையில். நம் ஊரில் மாதத்துக்கொரு சட்டம் போடுகிறார்களே, லோக்ரியைப் பாருங்கள் என்று உருகினார். அக்கரைப் பச்சை. அதற்காக வாதாடியவர் கயிற்றோடு வந்ததாகத் தகவல் இல்லை.

சட்டத்தைத் திருத்தத்தான் இந்தப் பாடு என்று நினைக்காதீர்கள். அர்த்தம் கேட்டாலே கயிறுதான். ஓர் அடிமை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு இளைஞர்கள் மல்லுக்கு நின்ற கதையை வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்கிறார். ஜலேயுகஸின் சட்டத்துக்கு ஊரின் தலைமை அதிகாரி ஒரு விளக்கம் சொன்னார். தோற்ற இளைஞன் ஒப்புக்கொள்ளவில்லை. ‘அப்படியா? வா, ஆயிரம் பேர் சபையில் ஆளுக்கொரு கயிற்றோடு நின்று பேசுவோம். யார் விளக்கம் தப்போ அவர் தொங்கட்டும்’ என்றார் அதிகாரி. வீரம்தான். ஆனால் அவருக்கு வயது கிட்டத்தட்ட 90. ‘பெரியவருக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம், எனக்கு முழு ஆயுசும் பாக்கி. இது என்ன பந்தயம்?’ என்றான் பையன். இந்த நக்கலில் சபையின் இறுக்கமே தளர்ந்துபோனது. தீர்ப்பு மட்டும் தளரவில்லை. கிழவர் சொன்னபடியே!

அதே தென் இத்தாலியில் தூரி என்று இன்னொரு கிரேக்க நகரம். அங்கேயும் இதே கயிறு, ஆனால் உரிமையாளர் வேறு: சட்டம் எழுதிய கரோண்டாஸ். அங்கே திருத்தம் மூன்று என்று எண்ணித் தருகிறார் வரலாற்றாசிரியர் டியோடோரஸ். முதல் ஆள் யார்? நம் ஒற்றைக் கண்ணனேதான்! லோக்ரியில் மிரட்டலோடு நின்ற விஷயம், தூரிக்கு வருவதற்குள் கண்ணே போய்விட்டிருக்கிறது.

இரண்டாமவர் ஒரு கிழவர். மனைவி விரும்பினால் கணவனை விட்டு விலகி வேறு திருமணம் செய்யலாம் என்பது தூரியின் சட்டம். இளம் மனைவி விலகிவிட்டாள். கிழவர் கயிற்றோடு வந்தார்: விலகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் விட்டுப்போன கணவனைவிட வயது குறைந்தவனைக் கட்டக் கூடாது. சபை தலையாட்டியது. மாப்பிள்ளை வரிசையில் கிழவர்கள் மட்டுமே மிஞ்ச, அந்தப் பெண் பழைய கிழவரிடமே திரும்பி வந்தாள். தெரிந்த கிழவர் தேவலை என்று நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் அநாதைப் பெண். நெருங்கிய உறவினன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது 500 டிராக்மா சீதனமாகக் கொடுத்துக் கைகழுவலாம் என்பது சட்டம். அந்தப் பணத்துக்கு எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. கயிற்றோடு நின்று அழுதாள். சபை இளகி, கட்டித்தான் ஆக வேண்டும் என்று மாற்றியது. பணக்கார உறவினன் மணவறையில் உட்கார்ந்தான்.

வந்தவர்களைக் கவனித்தீர்களா? கண்ணுக்காக ஒருவன், பெண்டாட்டியை மீட்க ஒருவர், கல்யாணத்துக்கு ஒருத்தி. பொதுநலத்துக்காகக் கழுத்தை நீட்ட ஒரு பிரஜையும் வரவில்லை. மட்டமான யோசனைகளை வடிகட்டுவதாக நினைத்து, கரோண்டாஸ் வடிகட்டியது சொந்த வழக்கு இல்லாதவர்களைத்தான்.

கரோண்டாஸின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சபைக்கு ஆயுதத்தோடு வந்தால் மரணம் என்பது அவரே போட்ட சட்டம். ஒரு நாள் வெளியூர் போனவர், வழிப்பறிப் பயத்தில் இடுப்பில் கத்தி செருகியிருந்தார். திரும்பி வந்தால் சபையில் ஒரே கூச்சல். மறந்துபோய் அப்படியே உள்ளே நுழைந்துவிட்டார். உன் சட்டத்தை நீயே உடைத்துவிட்டாயே என்று எதிரி ஒருவன் கத்த, உடைக்கவில்லை, நிலைநாட்டுகிறேன் என்று கத்தியை உருவித் தன்னையே குத்திக்கொண்டார். இதே சாவை ஜலேயுகஸுக்கும் சிராகூஸ் நகரத்து டயோக்ளிஸுக்கும் சொல்கிறார்கள். ஒரே கத்தி, மூன்று சட்டமேதைகள்! போதாக்குறைக்கு, தூரி நகரம் எழுந்தது கி.மு. 444 வாக்கில். கரோண்டாஸ் அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்து முடித்தவர்.

இருந்தாலும் ஒரு சந்தேகம். வெளியூர் போய் வருகிறவர்களுக்கு விலக்கு என்று ஒரு வரித் திருத்தம் கேட்டிருக்கலாமே? கயிறும் அங்கேயே இருந்தது, சபையும் கூடியிருந்தது. அதற்குக் கத்தியே மேல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.