கலிபோர்னியாவுக்கு வாக்குக் கொடுத்தவர்

பார்வையாளரிடமிருந்து எந்தத் தகவலைப் பெறுகிறோம், யாருடன் பகிர்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பவற்றை ஒரு வலைத்தளம் எழுத்தில் அறிவிப்பதே தனியுரிமைக் கொள்கையாகும் என்றாலும், ராசிபலனும் ஜாதகப் பொருத்தமும் வழங்கும் தளத்தின் உரிமையாளருக்கு அது 'பிரைவசி பாலிசி பேஜ்' மட்டுமே. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸிடம் 'அப்ரூவல்' வாங்குவதற்காகத் தளத்தின் அடியில் அவர் கட்டித் தொங்கவிடும் எலுமிச்சம்பழம் அது. 2018 இல் ஆட்சென்ஸ் தமிழ்த் தளங்களையும் ஏற்கத் தொடங்கிய பின் இந்தப் பழத்துக்குத் தேவை கூடியது.

அவர் கொள்கையை எழுதுவதில்லை, எடுக்கிறார். வளர்ப்பு மீன் விற்கும் அமெரிக்கத் தளம் ஒன்றிலிருந்து முழுப் பக்கத்தையும் நகலெடுத்து, கடையின் பெயர் வரும் பன்னிரண்டு இடங்களில் பத்தில் மட்டும் தம் தளத்தின் பெயரைப் பொருத்திவிட்டு, களைத்துப்போய்த் தேநீர் அருந்தச் செல்கிறார். எஞ்சிய இரண்டு இடங்களில் விருதுநகர் வாசகருக்கு வாக்களிப்பவர் இன்றும் அந்த மீன்கடைக்காரரே. கலிபோர்னியவாசிகளின் தகவலைத் திரட்டும் தளங்கள் கொள்கையொன்றை வெளியிட வேண்டும் என 2003 இல் இயற்றப்பட்ட அம்மாநிலச் சட்டத்துக்குத் தாம் கட்டுப்படுவதாகவும் ஜோதிடத் தளத்தின் உரிமையாளர் அறிவிக்கிறார். கலிபோர்னியாவிலிருந்து அவர் தளத்துக்கு வருபவர் அங்கு வேலைபார்க்கும் அவருடைய மைத்துனர் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்த 25 மே 2018 அன்று அந்த மீன்கடை தன் பக்கத்தைத் திருத்தியிருந்ததால், 2021 இல் தொடங்கிய ஜோதிடத் தளத்தின் கொள்கையும் அன்றே 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது' என்கிறது. பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பே ஜாதகம் கணிக்கப்பட்ட குழந்தை உலகில் இது ஒன்றுதான்.

அவர் தொட அஞ்சும் சொல் ஒன்றும் அப்பக்கத்தில் உண்டு: 'டார்ட் குக்கி'. குக்கி என்பது, பார்வையாளர் மீண்டும் வரும்போது அவரை அடையாளம் காண்பதற்காக அவருடைய உலாவியில் விட்டுவைக்கப்படும் சிறு குறிப்பு; டார்ட் என்பது, 2008 இல் கூகுள் தன்னோடு இணைத்துக்கொண்ட டபுள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனத்தின் பழைய வழக்குச் சொல். இவற்றுள் எதுவும் அவருக்குத் தெரியாது. எனினும் மந்திரத்தில் ஓரெழுத்து பிசகினாலும் பலிக்காது என்ற தொழில் நம்பிக்கையால், பொருள் விளங்காத சொல்லையே அவர் மிகுந்த பயபக்தியுடன் காக்கிறார். தளம் முழுவதும் தமிழிலிருக்க இந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலத்திலிருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால், 2023 ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது.

விடியுமுன் எழுந்து பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதி, நூறு டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, தம் முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் தபாலில் அனுப்பும் எண் வந்ததா என்று தபால்காரரைத் தெருமுனையிலேயே வழிமறிக்கும் அவரைக் கண்டால் இரக்கமே தோன்றும்.

அவருடைய பொருத்தப் படிவத்தைக் கண்டால் அந்த இரக்கம் நிற்பதில்லை. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம், கோத்திரம், தந்தையின் கைபேசி எண் ஆகிய அனைத்தையும் கேட்டு வாங்கி, இணைப்பு தெரிந்த எவரும் திறக்கக்கூடிய விரிதாள் ஒன்றில் அவர் சேர்த்து வைக்கிறார். மாலைக்குள் பெண்ணைப் பெற்றவரை முன்பின் அறியாத தரகர்கள் கைபேசியில் அழைக்கின்றனர், பெண்ணின் நட்சத்திரத்தைச் சொல்லியே பேச்சைத் தொடங்குகின்றனர். மீன்கடைக்காரர் கேட்காத இவற்றைப் பற்றி அவருடைய கொள்கையில் ஒரு வரியும் இருக்க வழியில்லை. ஆகவே நகலிலும் இல்லை. குக்கியைப் பற்றி நான்கு பத்தி உண்டு, பெண்ணின் பிறந்த நேரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இது பிறர் வீட்டுப் பெண்ணின் விவரத்தைத் தெருவில் வைப்பது.

தம் விவரத்தை நீக்கக் கோருபவர் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரி கொள்கையின் கடைசி வரியில் தரப்பட்டுள்ளது. கடையின் பெயர் மாறாமல் எஞ்சிய இரண்டு இடங்களில் அதுவும் ஒன்று.